லிஸ்டர் டைப் 6 ஹெச்.பி. ஆயில் இன்ஜின்: ஃபுல் செட் மாற்றணுமா? (கேத்தி, நீலகிரி)

கேத்தி தோட்டம் | ஜனவரி 4, இரவு 8.40

ஒற்றை சிலிண்டர், 6 ஹெச்.பி., 650 ஆர்.பி.எம்., இரண்டு பக்கமும் ஃப்ளைவீல். பிளேட்டில் எழுத்து தேய்ந்துபோச்சு; லிஸ்டர் கம்பெனியின் இங்கிலாந்து ஒரிஜினலா, அதைப் பார்த்து குஜராத்தின் ராஜ்கோட்டில் செய்ததா என்று பிளேட்டை வைத்துச் சொல்ல முடியாது. ஓடையிலிருந்து கேரட் பாத்திக்குத் தண்ணீர் ஏற்றும் வேலை. காலையில் ஸ்டார்ட் ஆக அரை மணி நேரம் கைப்பிடி சுற்றணும். லோடு ஏறினதும் கரும்புகை. பிஸ்டன், ரிங், லைனர், டீசல் தெளிக்கும் நாசில், டீசல் பம்ப் எலிமெண்ட், ஹெட் கேஸ்கட் எல்லாம் சேர்த்து ஃபுல் செட்டா மாற்றச் சொல்றாங்க. "6 ஹெச்.பி. செட்னா எந்த இன்ஜினுக்கும் உட்காரும்" என்கிறார் கடைக்காரர். உண்மையா? கோவையில் வாங்கலாமா, ராஜ்கோட்டிலிருந்து பார்சல் போடலாமா?

கோத்தகிரி பட்டறை | ஜனவரி 4, இரவு 10.15

இப்போதைக்கு எதையும் வாங்காதீங்க தம்பி. இன்ஜின் எங்கே காற்றை விடுதுன்னு முதல்ல பாருங்க.

இன்ஜின் ஆறியிருக்கும்போது டீகம்ப்ரஷன் லிவரை (வால்வைத் திறந்து அழுத்தத்தை வெளியேற்றும் பிடி) மூடும் நிலைக்கு விட்டுட்டு, ஃப்ளைவீலைக் கையால் மெதுவா கம்ப்ரஷன் மேல் தள்ளுங்க. நல்ல இன்ஜினில் சக்கரம் ஸ்பிரிங் மாதிரி பின்னால் உதைக்கும். பஞ்சு மாதிரி மெத்தென்று தாண்டிப் போனால் கசிவு உண்டு. அழுத்தத்தைப் பிடித்து வைத்து நாலு இடத்தில் காது கொடுங்க. ஏர் ஃபில்டர் பக்கம் "உஸ்" என்றால் இன்லெட் வால்வு. சைலன்சர் பக்கம் என்றால் எக்ஸாஸ்ட் வால்வு. கிராங்க் கேஸ் மூச்சுக்குழாயில் என்றால் ரிங், சிலிண்டர். தண்ணீரில் குமிழ் வந்தால் ஹெட் கேஸ்கட் அல்லது விரிசல்.

இன்னொரு சோதனை: ஏர் இன்லெட் வழியா ரெண்டு ஸ்பூன் இன்ஜின் ஆயில் விட்டு நாலைந்து சுற்று சுற்றிட்டு மறுபடி தள்ளிப் பாருங்க. உதைப்பு கூடினால் ரிங் தேய்மானம். மாறவே இல்லை என்றால் வால்வு.

ஹெட் பக்கவாட்டில் சின்னக் கைச்சக்கரம் இருக்கா? பழைய லிஸ்டரில் கம்ப்ரஷனைக் கூட்டிக் குறைக்க அது உண்டு. ஸ்டார்ட் பண்ணும்போது முழுசா உள்ளே திருகியிருக்கணும். அது சரியா அடைக்கலைன்னா குளிரில் ஸ்டார்ட் ஆகவே ஆகாது. ஊர் உலகமெல்லாம் ரிங்கைக் குறை சொல்லும்.

கோத்தகிரி பட்டறை | ஜனவரி 4, இரவு 10.50

புகை பற்றி எழுத விட்டுப்போச்சு. ஊட்டி 2,240 மீட்டர், குன்னூர் 1,850 மீட்டர், கேத்தி ரெண்டுக்கும் நடுவில். இந்த உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. டர்போ இல்லாத இன்ஜினுக்கு 100 மீட்டருக்கு சுமார் 1 சதவீதம் சக்தி போகும். பிளேட்டில் 6 என்று இருந்தால் உங்க தோட்டத்தில் கிடைப்பது 4.8 தான். தண்ணீர் பம்ப் 6 கேட்டால், வேகத்தைச் சீரா வைக்கும் கவர்னர் டீசலை முழுசாத் திறந்துவிடும், எரிக்கக் காற்று இல்லை, அதுதான் கரும்புகை. புதுப் பிஸ்டன் போட்டாலும் அந்தப் புகை அப்படியே வரும்.

நீலப்புகை ஆயில் எரிவது. வெண்புகை எரியாத டீசல், இல்லைன்னா தண்ணீர். கரும்புகைக்கு லோடு, காற்று, நாசில், டைமிங் என்ற வரிசையில் பார்க்கணும். ஏர் ஃபில்டரைக் கழற்றிவிட்டு அஞ்சு நிமிஷம் ஓட்டினாலே பாதி தெரிஞ்சிடும்.

கேத்தி தோட்டம் | ஜனவரி 6, மாலை 6.20

பார்த்தாச்சு அண்ணே. உதைப்பு இருக்கு, ஆனா வலு இல்லை. சைலன்சர் பக்கம் தெளிவா "உஸ்". மூச்சுக்குழாயில் லேசா. ஆயில் விட்டதும் கொஞ்சம்தான் கூடிச்சு. ஹெட்டில் கைச்சக்கரம் இல்லை, அந்த இடத்தில் பிளக் அடிச்சிருக்கு. ஏர் ஃபில்டரில் பாதி களிமண்.

கோத்தகிரி பட்டறை | ஜனவரி 6, இரவு 9.05

அப்போ முதல் குற்றவாளி எக்ஸாஸ்ட் வால்வு. ஹெட்டைக் கழற்றி வால்வைக் கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்க்கணும். முதலில் கரடு, பிறகு மென்மை. முழுச் சுற்றாகச் சுற்றாதீங்க. உள்ளங்கைக்குள் மத்துக் கடையுற மாதிரி அப்படியும் இப்படியும், பத்துப் பதினைந்து தடவைக்கு ஒருமுறை வால்வைத் தூக்கி இடம் மாற்றி வைக்கணும். முடிவில் வால்விலும் சீட்டிலும் 1.5 முதல் 2 மி.மீ. அகலத்துக்கு மங்கின சாம்பல் நிற வளையம், எங்கேயும் அறுபடாம இருக்கணும். ஹெட்டைக் கவிழ்த்து, ஸ்பிரிங் மாட்டின பிறகு, போர்ட்டில் மண்ணெண்ணெய் ஊற்றி 10 நிமிஷம் விடுங்க. சீட்டைச் சுற்றி ஈரம் கசியக் கூடாது.

வால்வு விளிம்பு கத்தி மாதிரி மெலிந்திருந்தால் தேய்க்காதீங்க, மாற்றுங்க. மெல்லிய விளிம்பு சூட்டில் சிவந்து எரிஞ்சு போகும்.

மேட்டுப்பாளையம் லேத் | ஜனவரி 7, காலை 7.30

அவசரப்படாதீங்க. ஹெட்டைக் கழற்றுறதுக்கு முன்னாடி டேப்பட் இடைவெளியை (வால்வுக்கும் அதைத் தள்ளும் ராக்கருக்கும் நடுவில் உள்ளது) பார்த்தீங்களா? வால்வு சீட் வருஷக்கணக்கா தேயும்போது வால்வு மேலே ஏறும், இடைவெளி குறையும். சுத்தமா இடைவெளி இல்லாமப் போனா வால்வு மூடவே மூடாது; இதே "உஸ்" சத்தம்தான் வரும். ரெண்டு ஸ்பேனரும் ஃபீலர் கேஜும் போதும், பத்து நிமிஷ வேலை.

கோத்தகிரி பட்டறை | ஜனவரி 7, காலை 8.10

அண்ணா சொல்றது சரி, நான் ஒரு படி தாண்டிட்டேன். முதலில் டேப்பட். கம்ப்ரஷன் முடிவில் பிஸ்டனை மேல் முனையில் நிறுத்தி, புஷ் ராடை விரலால் சுற்றிப் பாருங்க. தளர்வாச் சுற்றணும். இறுகியிருந்தா உங்க மாடல் கையேட்டில் உள்ள இடைவெளி வைத்து மறுபடி காது கொடுங்க.

கேத்தி தோட்டம் | ஜனவரி 7, மாலை 5.45

எக்ஸாஸ்ட் புஷ் ராடு இறுக்கமா இருந்தது. சரி செய்ததும் உதைப்பு நல்லாக் கூடிச்சு, சத்தம் பாதியாச்சு, ஆனா நிற்கலை. ஹெட்டைக் கழற்றிட்டேன். வால்வில் ஒரு இடத்தில் எரிஞ்ச தடம், அரை நகக்கண் அளவு. சிலிண்டரில் மேல் பக்கம் விரலுக்கு ஒரு படி தட்டுது.

மேட்டுப்பாளையம் லேத் | ஜனவரி 7, இரவு 9.40

அந்தப் படிதான் முக்கியம். மேல் ரிங் போய் நிற்கும் இடத்துக்கு மேலே தேயாத பகுதி விளிம்பா நிற்கும். அதை எடுக்காம புது ரிங் போட்டா, கூரான புது ரிங்கின் மேல் முனை அந்தப் படியில் இடிச்சு, கொஞ்ச நாளில் ரிங் உடையும், இல்லைன்னா பிஸ்டனில் ரிங் காடி உடையும். ரீமர் போட்டுப் படியை எடுக்கணும்.

படிக்குக் கீழே, கிராங்குக்குக் குறுக்குத் திசையில் போர் கேஜ் (உள்விட்டம் அளக்கும் கருவி) வைத்து அளங்க. அப்புறம் ரிங் போகாத அடிப்பகுதியில் அளங்க. ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் தேய்மானம். லிஸ்டர் 6/1 (6 ஹெச்.பி., ஒரு சிலிண்டர்) போர், அதாவது சிலிண்டர் உள்விட்டம், 4½ இஞ்சு, அதாவது 114.3 மி.மீ.; ஸ்ட்ரோக் 5½ இஞ்சு, 139.7 மி.மீ. தேய்மானம் 10 தௌ (ஒரு தௌ என்பது இஞ்சில் ஆயிரத்தில் ஒன்று), அதாவது 0.25 மி.மீ., தாண்டினா ரிங் மட்டும் மாற்றுறது காசைத் தண்ணியில் போடுறது. போரிங் அல்லது லைனர்தான். அதுக்குள்ளே இருந்தா ரிங் மட்டும் போதும்.

"எந்த இன்ஜினுக்கும் உட்காரும்" என்பது பொய். போர் அளவு ஒன்றா இருக்கும். மற்றதெல்லாம் பட்டறைக்குப் பட்டறை மாறும். கடைக்குப் போகும்போது கம்பெனி பேரைச் சொல்லாதீங்க, பழைய பாகத்தையும் இந்த அளவுகளையும் எடுத்துட்டுப் போங்க:

பிஸ்டன்: பின் (பிஸ்டனைக் கனெக்டிங் ராடோடு இணைக்கும் உருளை) விட்டம், பின் மையத்திலிருந்து பிஸ்டன் தலை வரை உயரம், ரிங் காடிகளின் எண்ணிக்கை, ஒவ்வொன்றின் அகலம். ஹெட் கேஸ்கட்: ஸ்டட் நடுவுக்கு நடு தூரம், தண்ணீர்த் துளைகளின் இடம், பழைய கேஸ்கட்டின் தடிமன். வால்வு: தண்டு விட்டம், தலை விட்டம், மொத்த நீளம், லாக் காடி எங்கே இருக்கு என்பது.

இதில் பின் மையத்து உயரம்தான் ஆளைக் கவுக்கும். 2 மி.மீ. கூடினா பிஸ்டன் ஹெட்டில் இடிக்கும். குறைஞ்சா கம்ப்ரஷன் போய் குளிரில் ஸ்டார்ட் ஆகாது.

கோத்தகிரி பட்டறை | ஜனவரி 8, காலை 6.50

அதைச் சரிபார்க்க ஈயக் கம்பி. பழைய பிஸ்டன் இருக்கும்போதே செய்யுங்க. பிஸ்டன் தலையில் பின் இருக்கும் கோட்டுக்கு நேரா ரெண்டு ஓரத்திலும் துண்டு ஈயக் கம்பியை கிரீஸில் ஒட்டுங்க. பழைய கேஸ்கட்டோடு ஹெட்டை இறுக்கி, ஃப்ளைவீலை மெதுவா ஒரே ஒரு தடவை மேல் முனை தாண்ட வைத்து, கழற்றி மைக்ரோமீட்டரில் நசுங்கின தடிமனை அளந்து எழுதி வையுங்க. புதுப் பிஸ்டன் போட்ட பிறகு அதே கேஸ்கட்டில் அதே சோதனை. வித்தியாசம் வந்தால் சிலிண்டர் பிளாக்கின் அடியில் உள்ள ஷிம்மை (மெல்லிய தகடு) கூட்டியோ குறைத்தோ பழைய அளவுக்குக் கொண்டுவரணும். பின் கோட்டில் வைக்கச் சொல்றது காரணத்தோடுதான். வேறு பக்கம் வைத்தால் பிஸ்டன் சாய்ந்து தப்பு அளவு காட்டும்.

கேத்தி தோட்டம் | ஜனவரி 10, இரவு 7.15

மேட்டுப்பாளையத்தில் அளந்தாங்க. தேய்மானம் 7 தௌ. அப்போ ரிங், எக்ஸாஸ்ட் வால்வு, கேஸ்கட் மட்டும். ரிங் முனை இடைவெளி எவ்வளவு வைக்கணும்?

கோத்தகிரி பட்டறை | ஜனவரி 10, இரவு 8.00

போர் ஒரு இஞ்சுக்கு 3 முதல் 4 தௌ. 4½ இஞ்சுக்கு 4 மி.மீ. வரும்.

கோத்தகிரி பட்டறை | ஜனவரி 10, இரவு 8.04

மேலே உள்ளது தப்பு, அப்படியே யாரும் எடுத்துக்காதீங்க. 13.5 முதல் 18 தௌ, அதாவது 0.34 முதல் 0.46 மி.மீ. வரை. ரிங்கை சிலிண்டருக்குள் வைத்து, பிஸ்டனைத் தலைகீழாத் திருப்பி அதால் தள்ளிச் சமமா உட்கார வையுங்க. அளக்கும் இடம் அடிப்பகுதி, தேயாத இடம். மேலே தேய்ந்த இடத்தில் அளந்து சரியா இருக்கேன்னு போட்டா, கீழே இறங்கும்போது முனைகள் இடிச்சு ரிங் சிக்கிடும். இடைவெளி குறைவா இருந்தா மெல்லிய அரத்தால் ஒரு முனையை மட்டும் நேரா ராவணும். மாட்டும்போது முனைகள் ஒன்றுக்கு மேல் ஒன்று நேரா வராமல் சுற்றிப் பிரித்து வையுங்க. பளபளப்பான பழைய சிலிண்டரில் புது ரிங் உட்காராது. 45 டிகிரியில் குறுக்கும் நெடுக்குமா ஹோனிங் கோடு (சாணைக்கல்லால் கீறும் மெல்லிய கோடு) போடணும்.

ஹோனிங் முடிந்ததும் மண்ணெண்ணெயில் மட்டும் கழுவி விட்டுடாதீங்க. சுடுதண்ணீர், சோப்பு, பிரஷ். வெள்ளைத் துணியால் துடைத்தால் துணி வெள்ளையாவே இருக்கணும். புதுசா வார்த்த பிளாக், ஹெட் வாங்கினா இது இன்னும் முக்கியம்: மூலை முடுக்கில் வார்ப்பு மணல் ஒட்டியிருக்கும். ஓட ஓட உதிர்ந்து ஆயிலில் கலந்து பேரிங்கைத் தின்னும். இந்த இன்ஜினில் ஆயில் ஃபில்டர் கிடையாது.

மேட்டுப்பாளையம் லேத் | ஜனவரி 11, காலை 7.00

ஸ்டட், நட்டு பற்றி. ஒரிஜினல் லிஸ்டரில் எல்லாம் விட்வொர்த் மரை, 55 டிகிரி. ½ இஞ்சு பி.எஸ்.டபிள்யூ.வுக்கு (அதே விட்வொர்த்) இஞ்சுக்கு 12 மரை. இப்போ கடையில் ½ இஞ்சுன்னு கேட்டா பெரும்பாலும் கிடைப்பது 13 மரை, 60 டிகிரி. ரெண்டு மூணு சுற்று நல்லாப் போகும், அப்புறம் இறுகும். அங்கே ஸ்பேனருக்கு பைப் மாட்டிப் பலம் கொடுத்தா வார்ப்பிரும்பு பிளாக்கில் மரை உரிஞ்சுடும். அதுக்கு அப்புறம் பிளாக்கையே டிரில் பண்ணி புஷ் வைக்கணும். 12 எம்.எம். போல்ட்டும் அதில் சரியா உட்காராது. மரை கேஜ் ஒன்று வாங்கி வைத்துக்கங்க, விலை அதிகமில்லை. ராஜ்கோட் இன்ஜினிலும் பாதி விட்வொர்த், பாதி மில்லிமீட்டர் கலந்து வரும். ஒவ்வொரு போல்ட்டையும் தனியா அளக்கணும்.

எங்கே வாங்கலாம்னு கேட்டிருந்தீங்க. ரிங், கேஸ்கட், வால்வு, நாசில் கோவையில் ஆயில் இன்ஜின் ஸ்பேர் கடைகளில் கிடைக்கும். பழைய பாகத்தைக் கையில் பிடித்து ஒப்பிட்டு வாங்கலாம். ஃப்ளைவீல், கிராங்க், கவர்னர் பாகம் போன்றவற்றுக்குத்தான் ராஜ்கோட். பார்சல் போடச் சொல்வதற்கு முன் பழைய பாகத்தை ஸ்கேலோடு சேர்த்துப் படம் எடுத்து அனுப்புங்க. கேஸ்கட் கிடைக்காட்டி செம்புத் தகட்டில் வெட்டிக்கலாம். சிவக்கக் காய்ச்சி தண்ணீரில் போட்டா செம்பு மென்மையாகும். இரும்பு மாதிரி கெட்டியாகாது.

கேத்தி தோட்டம் | ஜனவரி 12, மதியம் 1.30

இன்னொண்ணு. ஃப்ளைவீல் கீ (சக்கரத்தை ஷாஃப்ட்டோடு பூட்டும் இரும்புத் துண்டு) பக்கத்தில் சிவப்பா பொடி உதிர்ந்திருக்கு. மெதுவா ஓடும்போது சுற்றுக்கு ஒரு தட்டல் வரும். பிக் எண்ட் (கனெக்டிங் ராடின் கிராங்க் பக்க பேரிங்) என்று நினைச்சிருந்தேன்.

மேட்டுப்பாளையம் லேத் | ஜனவரி 12, இரவு 8.20

அந்தச் செந்தூள் கீ தளர்ந்ததுக்கு அடையாளம். இரும்பும் இரும்பும் நுண்ணிசா உரசி துருவா உதிருது. பிக் எண்டைத் திறக்காதீங்க. முதலில் இதை முடிங்க, தட்டல் போயிடும்.

தலை உள்ள சரிவுக் கீ அது. 100-க்கு 1 சரிவு. கழற்ற, கீ தலைக்கும் ஃப்ளைவீல் நடுக்குடத்துக்கும் நடுவில் ரெண்டு ஆப்பை எதிரெதிராச் செருகி மாறி மாறித் தட்டணும். முதல் நாளே மண்ணெண்ணெயும் ஆயிலும் கலந்து ஊற விடுங்க. அசையலைன்னா நடுக்குடத்தைச் சூடாக்குங்க, கீயை அல்ல. உளியைத் தலைக்குப் பக்கவாட்டில் வைத்து அடிச்சா தலை ஒடியும். அப்புறம் டிரில் போட்டுத்தான் எடுக்கணும். கீக்கு நேரா முகத்தை வைக்காதீங்க. ஃப்ளைவீல் விழாத மாதிரி அடியில் கட்டை கொடுங்க. அது காலில் விழுந்தா எலும்பு மிஞ்சாது.

புதுக் கீயை ரெடிமேடா வாங்கி அடிச்சுடாதீங்க. கொஞ்சம் பெரிசா வாங்கி, மார்க்கிங் நீலம் தடவி, தட்டி, எடுத்து, நீலம் பட்ட இடத்தை அரத்தால் ராவி, மறுபடி. மேலும் கீழும் முழு நீளத்துக்கும் நீலம் படணும். ஒரு முனையில் மட்டும் பிடிச்ச கீ ஒரு வாரத்தில் தளரும். கடைசியில் அடிச்சு உட்கார்ந்த பிறகும் தலைக்கும் குடத்துக்கும் நடுவில் ஆப்பு நுழைய இடம் இருக்கணும். ஒட்டிப் போச்சுன்னா அடுத்த தடவை எடுக்க வழியில்லை. ஃப்ளைவீல் கழன்றிருக்கும்போதே ஆரங்களையும் குடத்தையும் மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பூசிப் பாருங்க. விரிசல் இருந்தா ஈரக் கோடு வெளியே வரும். விரிசல் கண்ட சக்கரத்தை ஓட்டவே கூடாது.

கோத்தகிரி பட்டறை | ஜனவரி 12, இரவு 9.30

இதோடு சேர்த்து ஒண்ணு. உயரத்தில் சக்தி குறையுதேன்னு சிலர் கவர்னர் ஸ்பிரிங்கை இறுக்கி 650-ஐ 800 ஆக்குறாங்க. வார்ப்பிரும்புச் சக்கரத்தில் இழுவிசை வேகத்தின் வர்க்கத்தில் கூடும். 800-ல் ஒன்றரை மடங்கு. பழைய சக்கரத்தில் அந்த விளையாட்டு வேண்டாம். பம்ப் லோடைக் குறைங்க. இன்ஜின் புல்லி 300 மி.மீ., பம்ப் புல்லி 130 என்றால் பம்ப் 1,500 சுற்றும். இன்ஜின் புல்லியை 270 ஆக்கினா 1,350. சென்ட்ரிஃப்யூகல் பம்ப்புக்கு வேகம் 10 சதவீதம் குறைஞ்சா தேவைப்படும் சக்தி 27 சதவீதம் குறையும். புகை நின்றுவிடும்.

மேட்டுப்பாளையம் லேத் | ஜனவரி 13, காலை 6.40

கணக்கு சரி, மலையில் ஒரு ஓட்டை இருக்கு. வேகம் 10 சதவீதம் குறைஞ்சா பம்ப் தூக்கும் உயரமும் 19 சதவீதம் குறையும். ஓடையிலிருந்து பாத்தி செங்குத்தா 30 மீட்டர் என்றால், பம்ப் தண்ணீரைப் பாதி வழியில் நிறுத்திட்டு வெறுமனே சுற்றும். முதலில் செங்குத்து உயரத்தை அளங்க. நொடிக்கு 5 லிட்டரை 30 மீட்டர் ஏற்ற, பம்ப் திறன் 50 சதவீதம்னு வைத்தாலும், 4 ஹெச்.பி. வேணும். அது உங்க 4.8-க்குள் அடங்கும். அதுக்கு மேல் தண்ணீர் வருதுன்னா டெலிவரி கேட் வால்வைக் கொஞ்சம் மூடினாலே லோடு குறையும், புல்லியைத் தொட வேண்டாம்.

உறிஞ்சும் உயரத்தையும் பாருங்க. கடல் மட்டத்தில் காற்றழுத்தம் 10.3 மீட்டர் தண்ணீரைத் தாங்கும். 2,000 மீட்டரில் 8.1 தான். கீழ்நாட்டில் 7 மீட்டர் உறிஞ்சுற பம்ப் இங்கே 5-க்கே மூச்சு வாங்கும். பம்ப்பை ஓடைக்குப் பக்கமா இறக்குங்க.

கோத்தகிரி பட்டறை | ஜனவரி 13, காலை 7.25

ஏற்கிறேன். புல்லி பற்றி எழுதினதை சமதளத்துக்கு மட்டும் வைத்துக்கங்க.

நாசில். இந்த இன்ஜினுக்கு ஊசி முனை உள்ள பின்டில் நாசில். 1,500 ஆர்.பி.எம்.மில் ஓடும் சின்ன நேரடி இன்ஜெக்ஷன் இன்ஜின்களின் நாசிலில் மூணு துளை இருக்கும். வெளியே பார்க்க ஒரே மாதிரி, ஹோல்டரிலும் உட்காரும், ஆனா புகையும் தட்டலும்தான் மிச்சம். டப்பாவை நம்பாமல் நாசில் உடம்பில் பொறித்த எண்ணைப் பழையதோடு ஒப்பிடுங்க.

மாட்டுறதுக்கு முன்னாடி நாசில் குழிக்குள் டார்ச் அடித்துப் பாருங்க. பழைய செம்பு வாஷர் அடியில் ஒட்டிக் கிடக்கும், கரி மூடித் தெரியாது. அதன் மேல் புது வாஷர் போட்டா நாசில் மேலே நிற்கும், தீ சரியான இடத்தில் விழாது, ஓரத்தில் கசியும். முனை வளைந்த கம்பியால் நோண்டி எடுங்க. வெளியே வைத்துத் தெளிப்பைச் சோதிக்கும்போது விரலைக் கிட்டே கொண்டுபோகாதீங்க. அந்த அழுத்தத்தில் டீசல் தோலைக் கிழித்து உள்ளே போகும், அது ஆஸ்பத்திரி கேஸ்.

டைமிங்: 650-ல் ஓடும் 6/1-க்கு மேல் முனைக்கு 20 டிகிரி முன்னால். ஹெட் கழன்றிருக்கும்போதே மேல் முனைக் குறியைச் சரிபாருங்க. பிஸ்டன் ஏறும்போது ஒரு ஆழத்திலும் இறங்கும்போது அதே ஆழத்திலும் ஃப்ளைவீலில் கோடு போட்டு, ரெண்டுக்கும் நடுவைக் குறிங்க. அப்புறம் ஃப்ளைவீலைச் சுற்றி நூல் கட்டி நீளத்தை அளங்க. 20 டிகிரி என்பது 18-ல் ஒரு பங்கு. சுற்றளவு 188 செ.மீ. என்றால் 10.4 செ.மீ. முன்னால் ஒரு கோடு. டீசல் பம்ப்பின் டெலிவரி வால்வையும் ஸ்பிரிங்கையும் எடுத்துட்டு ஹோல்டரை மட்டும் மாட்டி, லிவரை ஓடும் நிலையில் வைத்தால் டீசல் வழியும். ஃப்ளைவீலை ஓடும் திசையில் மெதுவாச் சுற்றுங்க. வழிவது சொட்டாகி நிற்கும் கணத்தில் அந்தக் கோடு குறிக்கு நேரா வரணும்.

கேத்தி தோட்டம் | ஜனவரி 17, காலை 9.10

மாட்டியாச்சு. மாற்றினது: ரிங் செட், எக்ஸாஸ்ட் வால்வு, ஹெட் கேஸ்கட், நாசில் வாஷர் (உள்ளே ரெண்டு பழசு இருந்தது), கீ. டைமிங் 3 செ.மீ. தாமதமா இருந்தது, சரி பண்ணியாச்சு. பிஸ்டன், லைனர், பம்ப் எலிமெண்ட் தொடலை. காலை 6 மணிக்கு புல்லெல்லாம் உறைபனி. நாலாவது சுற்றில் பிடிச்சது. தட்டல் இல்லை. கேட் வால்வைக் கால் பங்கு மூடினதும் புகை கண்ணுக்குத் தெரியலை.

கோத்தகிரி பட்டறை | ஜனவரி 17, காலை 10.00

நல்ல சேதி தம்பி. உறைபனி என்றதும் ஞாபகம் வருது: ராத்திரி தண்ணீரை வடிச்சுடுங்க. உறைஞ்சா 9 சதவீதம் விரியும், பிளாக் வெடிக்கும். வடிகுழாயைத் திறந்தா மட்டும் போதாது. துரு அடைச்சிருக்கும், கம்பி விட்டுக் குத்தித் தண்ணீர் முழுசா ஓடுறதைக் கண்ணால் பாருங்க. காலையில் வெதுவெதுப்பான தண்ணீரை ஊற்றினா ஸ்டார்ட்டும் சுலபம். கொதிக்கிற தண்ணீர் வேண்டாம், குளிர்ந்த வார்ப்பில் விரிசல் விழும். பெட்ரோல் நனைச்ச துணியை ஏர் இன்லெட்டில் காட்டும் பழக்கம் இருந்தா விட்டுடுங்க. புது ரிங் அதில்தான் உடையும். இங்கே தண்ணீர் 93 டிகிரியிலேயே கொதிக்கும். தொட்டித் தண்ணீர் ஆவி பறந்தா கீழ்நாட்டுக் கணக்கில் "இன்னும் சூடு இருக்கு" என்று விடாதீங்க.

முதல் ஆயிலை 20 மணி நேரத்தில் மாற்றுங்க. ஹெட் நட்டுகளை 10 மணி நேரம் ஓடின பிறகு, சூடா இருக்கும்போதே, குறுக்கு வரிசையில் மறுபடி இறுக்குங்க.

மேட்டுப்பாளையம் லேத் | ஜனவரி 17, மதியம் 12.15

சூடா இருக்கும்போது வேண்டாம், நல்லா ஆறின பிறகு இறுக்குங்க. இறுக்கினதும் ஹெட் ஒரு மயிரிழை கீழே இறங்கும், டேப்பட் இடைவெளி குறையும். அதை மறுபடி அளக்காம விட்டா அந்தப் புது எக்ஸாஸ்ட் வால்வும் எரியும்.

கோத்தகிரி பட்டறை | ஜனவரி 17, மதியம் 12.40

ஆமா, ஆறின பிறகு. டேப்பட்டையும் அப்போதே.